தோளா, கையா? ஒரு சட்டத்தின் வரலாறு

நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தலைமைப் பொறுப்பை ஏற்பதற்கு முன் பல ஆண்டுகள் வரலாறும் குடிமையியலும் கற்பித்தேன். அவற்றோடு, தேசிய மாணவர் படையின் எங்கள் பள்ளிப் பிரிவையும் கவனித்து வந்தேன். முகாம் நாட்களில் மாணவர்களைச் சுடுகளத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே தரையில் குப்புறப் படுத்து, ரைபிளைத் தோளோடு சேர்த்து அணைத்து, தொலைவில் நாட்டப்பட்ட அட்டையைக் குறி பார்த்துச் சுட வேண்டும். "கட்டையைத் தோளில் நன்றாகப் பதித்துக்கொள், இல்லையேல் குறியும் தவறும், தோளும் நோகும்" என்பது பயிற்றுநர் சொல்லும் முதற்பாடம்.

ஒருநாள் பயிற்றுநர், "தோளில் வைத்துச் சுடுவது ரைபிள், கையில் பிடித்துச் சுடுவது கைத்துப்பாக்கி" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, என்னைப் பார்த்து, "ஐயா, கைத்துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டால் அது ரைபிள் ஆகிவிடுமா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "உட்கார், தம்பி" என்றேன்.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துப்பாக்கிச் சட்ட வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அந்தச் சிறுவன் கேட்ட அதே கேள்வி அந்நாட்டு அரசாங்கத்தின் முன்னும் வந்திருப்பதைக் கண்டேன். அரசாங்கம் அதற்கு ஒருமுறை "இல்லை" என்றும், மறுமுறை "ஆம்" என்றும், மூன்றாம் முறை "எப்போதாவது வைத்தால் இல்லை" என்றும் விடை கூறியிருந்தது. அந்த விடைகளுக்கிடையே பத்தாண்டுச் சிறைத் தண்டனை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அன்று சிரித்திருக்கக் கூடாது. அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறிய விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

இக்கதை தொடங்கிய காலத்தை முதலில் பார்ப்போம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கள்ளச்சாராய வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய கும்பல்கள், நகரங்களைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றையொன்று அழிக்க முற்பட்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோ நகரில் ஏழு பேர் சுவரோரமாக நிறுத்தப்பட்டு, இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளில் சிலர் காவலர் உடை அணிந்து வந்திருந்தனர். 1933 பிப்ரவரி 15 அன்று, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கக் காத்திருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை மயாமி நகரில் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டான். ரூஸ்வெல்ட் தப்பினார், அருகில் நின்ற சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் குண்டடிபட்டு, சில வாரங்களில் இறந்தார். வங்கிக் கொள்ளையர் நீண்ட துப்பாக்கிகளின் குழலை அறுத்துக் குட்டையாக்கி, மேலங்கிக்குள் மறைத்துத் திரிந்த காலம் அது.

ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹோமர் கம்மிங்ஸ், 1934இல் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தார். அவர் முன் ஒரு தடை நின்றது. அமெரிக்க அரசியலமைப்பின்படி குற்றங்களைத் தண்டிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களைச் சேர்ந்தது. கூட்டாட்சி அரசு துப்பாக்கிகளை நேரே தடை செய்ய முற்பட்டால், நீதிமன்றம் அதை ஏற்குமா என்ற ஐயம் இருந்தது. ஆனால் வரி விதிக்கும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கு ஐயத்திற்கிடமின்றி உண்டு. ஆகவே தடைக்குப் பதிலாக வரி என்ற வழியை அவர் மேற்கொண்டார். குறிப்பிட்ட வகைத் துப்பாக்கியைச் செய்தாலும் கைமாற்றினாலும் வரி கட்ட வேண்டும், அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், தவறினால் தண்டனை. 1934 ஜூன் 26 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டம் இவ்வாறு பிறந்தது. வரி 200 டாலர். அந்நாளில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். பொருளின் விலைக்கு ஈடான வரி, பெயரளவில் வரியாயினும் செயலளவில் தடையே அன்றோ?

இங்கே ஒரு நுட்பத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் எழுதப்பட்ட வரைவில் கைத்துப்பாக்கிகளும் இடம்பெற்றிருந்தன. மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கருவிகளையே குற்றவாளிகள் நாடுகிறார்கள் என்பது அரசின் வாதம். கைத்துப்பாக்கிக்கு வரி விதித்தால், நீண்ட துப்பாக்கியை அறுத்துக் குட்டையாக்கி அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அவ்வழியை அடைக்கவும் குறுங்குழல் துப்பாக்கிகளைச் சட்டத்தில் சேர்ப்பது பொருத்தமாகவே இருந்தது. ஆனால் தேசிய ரைபிள் சங்கம் முதலானோரின் எதிர்ப்பால் கைத்துப்பாக்கிகள் வரைவிலிருந்து நீக்கப்பட்டன. குறுங்குழல் துப்பாக்கிகளோ நீக்கப்படாமல் நின்றுவிட்டன. தோட்டத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த பிறகும், அதற்குப் போட்ட வேலி மட்டும் அப்படியே நின்றதைப் போன்றது இது.

விளைவு என்ன? மிகச் சிறிய கைத்துப்பாக்கிக்கு இச்சட்டத்தின் தடை இல்லை. மிக நீண்ட ரைபிளுக்கும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுங்குழல் ரைபிளுக்கு மட்டும் உண்டு. இந்த முரண்பாட்டிலிருந்தே பின்னால் வந்த வழக்குகள் பலவும் முளைத்தன.

எது குறுங்குழல் ரைபிள்? சட்டம் இரண்டு அளவுகளைச் சொல்கிறது. குழலின் நீளம் 16 அங்குலத்திற்குக் குறைந்தாலும், குழல் அதற்கு நீண்டிருந்து மொத்த நீளம் 26 அங்குலத்திற்குக் குறையும்படி ரைபிளை மாற்றினாலும், அது குறுங்குழல் ரைபிளோடு சேர்த்து எண்ணப்படும். தொடக்கத்தில் குழலின் எல்லை 18 அங்குலமாக இருந்தது; 1960இல் ரைபிளுக்கு மட்டும் 16 ஆகக் குறைக்கப்பட்டது. சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு 18 என்பதே நீடித்தது. அளக்கும் முறையும் எளியதே. தோட்டா இல்லாத துப்பாக்கியின் பின்னடைப்பை மூடி, குழலின் வாய்வழியே ஒரு கோலைச் செலுத்தி, அடைப்பில் முட்டியதும் குழல்வாய்க்கு நேராகக் கோலில் கோடிட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். கோடு 16 அங்குலத்தில் விழுந்தால் அது சாதாரண ரைபிள். கால் அங்குலம் முன்னதாக விழுந்தால் அது பதிவு செய்ய வேண்டிய பொருள்; பதியாமல் வைத்திருப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை.

அங்குலத்தை அளந்துவிடலாம். ஆனால் ரைபிள் எது என்பதற்குச் சட்டம் கூறும் இலக்கணம் அவ்வளவு எளியதன்று. "தோளிலிருந்து சுடுவதற்கென வடிவமைக்கப்பட்டு, அவ்வாறே கருதப்பட்ட" துப்பாக்கிதான் ரைபிள் என்பது அதன் சாரம். "கருதப்பட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். கருத்து மனத்தில் இருப்பது. அதை எந்தக் கோலைச் செலுத்தி அளப்பது?

இச்சட்டம் நீதிமன்றங்களில் பலமுறை சோதிக்கப்பட்டது. வணிகர்மீது அது விதித்த வரி செல்லும் என்று 1937இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1939இல் மில்லர் என்பவரின் வழக்கில், பதியாத குறுங்குழல் சிதறுகுண்டுத் துப்பாக்கியை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டு சென்றவர், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காட்டித் தப்ப முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

1992இல் வந்த தாம்சன்-சென்டர் வழக்கு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அந்நிறுவனம் பத்து அங்குலக் குழலுடைய கைத்துப்பாக்கி ஒன்றை விற்றது. அத்துடன் 21 அங்குலக் குழலும் தோளில் வைக்கும் பின்கட்டையும் கொண்ட மாற்றுத் தொகுதியையும் விற்றது. இரண்டையும் முறையாகச் சேர்த்தால் சட்டத்திற்கு உட்பட்ட நீண்ட ரைபிள் கிடைக்கும். குறுகிய குழலோடு பின்கட்டையைப் பொருத்தினாலோ, தடையுள்ள குறுங்குழல் ரைபிள் ஆகிவிடும். பொருத்தக் கூடும் என்பதனாலேயே குற்றமா? அரசு "ஆம்" என்றது. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. தண்டனை தரும் சட்டத்தின் சொல் இரு பொருள்பட நின்றால், ஐயத்தின் பயன் குடிமகனுக்கே சேர வேண்டும் என்ற பழைய நெறி அத்தீர்ப்பின் அடிப்படையாக அமைந்தது.

அதே 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐடஹோ மாநிலத்து ரூபி ரிட்ஜ் என்னுமிடத்தில் நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். குழலறுத்த இரண்டு சிதறுகுண்டுத் துப்பாக்கிகளை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், நீதிமன்றத்திற்கு வராமல் மலைவீட்டில் தங்கிவிட்டார். அவரைப் பிடிக்கச் சென்ற அதிகாரிகளுக்கும் அவர் குடும்பத்துக்கும் மோதல் மூண்டது. முற்றுகை 11 நாட்கள் நீடித்தது. கூட்டாட்சி அதிகாரி ஒருவரும், பதினான்கு வயது மகனும், அவன் தாயும் உயிரிழந்தனர். மறு ஆண்டு நடந்த விசாரணையில், துப்பாக்கி விற்ற குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சில அங்குலங்களைப் பற்றிய வழக்கு மூன்று உயிர்களைக் கொண்டு சென்றது. சட்டத்தின் வரையறையை வெறும் சொல் விளையாட்டு என்று எண்ணுவோர் இதை மறவாதிருக்க வேண்டும்.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு நேராக வருவோம். அமெரிக்காவில் மக்களிடையே பெருகிய ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில், சுடும்போது பின்னுக்கு நகரும் பாகத்தைத் தாங்கும் சுருள்வில், பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயினுள் அமைந்துள்ளது. அவ்வகையையே குறுங்குழலுடன், பின்கட்டை இல்லாமல் செய்து, கைத்துப்பாக்கியாக விற்றார்கள். கட்டை இல்லையாயினும் குழாய் இருந்தே தீரும். இதை ஒரு கையால் பிடித்துச் சுடுவது எளிதன்று, பாரம் மிகுதி. முன்னாள் படைவீரர் ஒருவர், உடல் ஊனமுற்ற வீரர்களும் சுடுகளத்தில் இதைத் தடுமாறாமல் கையாள வேண்டும் என்று ஒரு கருவியை அமைத்தார். பின்குழாயில் பொருத்தி, முன்கையைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிக்கொள்ளும் தாங்கி அது. பிரேஸ் என்று சொல்வார்கள். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சிப் பணியகத்துக்கு அவர் அதை அனுப்பிக் கருத்துக் கேட்டார். 2012 நவம்பரில் விடை வந்தது: இதைப் பொருத்துவதால் கைத்துப்பாக்கி ரைபிள் ஆகாது.

நோக்கம் நல்லதே. ஆனால் அந்தத் தாங்கியின் பின்புறம் தோளில் வைக்கவும் வசதியாக இருந்தது. சுடுகளங்களுக்கு வந்தவர்களில் பலர் அதைக் கையில் கட்டாமல் தோளில் வைத்தே சுட்டார்கள். இது குற்றமா என்று காவல்துறை அதிகாரி ஒருவரே பணியகத்தைக் கேட்டார். தோளில் வைப்பதால் அதன் வகை மாறாது என்று 2014இல் பணியகம் எழுதியது. 2015 ஜனவரியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் வெளியிட்டு, தோளில் வைத்துப் பயன்படுத்தினால் அது துப்பாக்கியை மறுவடிவமைத்ததற்கு ஒப்பாகும். வரி கட்டிப் பதிய வேண்டும் என்றது. 2017 மார்ச்சில் மீண்டும் எழுதி, எப்போதாவது தற்செயலாகத் தோளில் படுவது மறுவடிவமைப்பு ஆகாது என்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே சுடுகளம், ஒரே துப்பாக்கி. துப்பாக்கியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. 2014இல் அவர் குற்றமற்றவர். 2015இல் அதே செயலால் குற்றவாளி. 2017இல் மீண்டும் குற்றமற்றவர். மாறியது கடிதம் ஒன்றே. தேர்வெழுதிய பின் கேள்வித்தாளை மாற்றும் ஆசிரியரை எந்த மாணவன் மதிப்பான்?

எனினும், மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். 2019 ஆகஸ்ட் 4 அன்று ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒன்பது பேரும், 2021 மார்ச் 22 அன்று கொலராடோ மாநிலத்து போல்டர் நகரின் அங்காடி ஒன்றில் பத்துப் பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு கொலைகாரர்களும் இத்தகைய தாங்கி பொருத்திய குறுங்குழல் துப்பாக்கிகளையே ஏந்தியிருந்தனர். குறுகிய உருவமும் ரைபிளின் ஆற்றலும் ஒன்றுசேர்ந்த கருவி ஆபத்தானது என்றுதானே 1934இல் சட்டம் செய்தவர்கள் அஞ்சினார்கள்? தாங்கி என்ற பெயரில் பின்கட்டையே விற்கப்படுகிறது என்று அரசு சொன்னபோது, அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே 2021 ஜூனில் பணியகம் புதிய விதியொன்றை முன்மொழிந்தது. அதில் மதிப்பெண் பட்டியல் ஒன்று இருந்தது. தாங்கியின் அமைப்பு, நீளம், பொருத்தப்பட்ட குறிநோக்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒரு பகுதியில் நான்கு மதிப்பெண் வந்தால் அது ரைபிள்! மதிப்பெண் போட்டே முதியவனாகிய எனக்கு இதைப் படித்தபோது முறுவல் வந்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின் பணியகம் அப்பட்டியலைக் கைவிட்டு, பல கூறுகளையும் சேர்த்து நோக்கி முடிவு செய்யும் வேறொரு முறையை அமைத்தது. 2023 ஜனவரி 31 அன்று விதி வெளியாயிற்று. மே 31க்குள் வரியின்றிப் பதிந்துகொள்ளலாம். அல்லது தாங்கியை நீக்கலாம், நீண்ட குழலைப் பொருத்தலாம், அழித்துவிடலாம், ஒப்படைத்துவிடலாம். மக்களிடம் குறைந்தது 30 லட்சம் தாங்கிகள் இருக்கும் என அரசே மதிப்பிட்டது. பதிவுக்கு வந்த விண்ணப்பங்களோ ஏறத்தாழ இரண்டரை லட்சம்தான்.

வழக்குகள் எழுந்தன. 2023 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்களிடம் காட்டிய வரைவு ஒன்று, இறுதியில் வந்த விதி வேறொன்று என்று குறை கண்டது. 2024 ஜூன் 13 அன்று டெக்சஸ் மாநிலத்துக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் விதியை முற்றிலும் நீக்கியது. 2025 ஜூலையில் அரசு தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. விதி போயிற்று, ஆனால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் போகவில்லை. "தோளிலிருந்து சுடக் கருதப்பட்ட" என்ற தொடர் அங்கேயே இருக்கிறது. அதன் பொருளைப் பற்றிய வாதமும் இருக்கிறது.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒரு சட்டம், குறுங்குழல் துப்பாக்கிகளுக்கான 200 டாலர் வரியை 2026 ஜனவரி 1 முதல் சுழியாக்கியது. பதிவுக் கடமை மட்டும் நீடித்தது. தொண்ணூறு ஆண்டுகளாகக் கூட்டப்படாமலும் குறைக்கப்படாமலும் இருந்த வரி அது. வரி விதிக்கும் அதிகாரம் என்ற தூணின்மேல் கட்டிய மாளிகையில் வரியே இல்லாமல் போனால், மாளிகை எதன்மேல் நிற்கிறது? அக்கேள்வியை எழுப்பியும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

நம் நாட்டிலும் 1959ஆம் ஆண்டு ஆயுதங்கள் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதைத் தடுத்திருக்கிறது. ஆனால் இங்கே துப்பாக்கி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். கதவு சாத்தியிருக்கும் வீட்டில் வாயிற்படியின் அகலத்தைப் பற்றிச் சண்டை மிகுதியாக எழுவதில்லை. கதவு திறந்திருக்கும் அமெரிக்காவில்தான் ஒவ்வோர் அங்குலமும் வழக்காயிற்று.

மாணவ நண்பர்களே, வடிவியல் வகுப்பில் வரையறையை மனப்பாடம் செய்யும்போது உங்களுக்குச் சலிப்புத் தோன்றும். முக்கோணத்தின் வரையறையில் பிழை செய்தால் ஒரு மதிப்பெண் போகும். சட்டத்தின் வரையறையில் பிழை இருந்தால் ஒரு மனிதனின் பத்தாண்டு போகும். சில வேளைகளில் உயிரும் போகும். ஆகவே சட்டம் இயற்றுவோர் எதைத் தடுக்க விரும்புகிறார்களோ அதைத் தெளிந்த சொல்லில், மக்கள் மன்றத்திலே நின்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் துணியாமல் அதன் அருகே ஒரு கோடு கிழித்து வைத்தால், கைவினைஞன் அந்தக் கோட்டின் ஓரமாகவே நடப்பான். அதிகாரி கோட்டை இங்கும் அங்கும் நகர்த்துவார். நேர்மையான குடிமகன் தான் எப்பக்கம் நிற்கிறான் என்று அறியாமல் திகைப்பான். கொலைகாரனோ கோட்டைப் பார்ப்பதே இல்லை.

அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இவ்வுரையை அவன் கேட்க நேர்ந்தால், அவனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: "தம்பி, கைத்துப்பாக்கியைத் தோளில் வைத்தால் அது ரைபிள் ஆகுமா என்று கேட்டாய். துப்பாக்கி மாறாது, அதன் பெயர் மாறலாம். பெயரை மாற்றும் உரிமை யாருக்கு என்பதுதான் உன் கேள்வியின் உட்பொருள். அது நல்ல கேள்வி. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு."